அவளாக வேண்டாமென்று சொன்னவை

அவளுக்கு எதுவுமே கிடைக்காமல் போனதில்லை. எல்லாவற்றையும் அவளாகத்தான் வேண்டாமென்று சொல்லியிருந்தாள். கல்லூரியில் மூன்று வருடம் அவளோடு ஒரே அறையில் இருந்த நான் அதை அப்படியே நம்பினேன். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. முதலில் அவள் மேல் வரும். கொஞ்ச நேரத்தில் என் மேல் திரும்பிவிடும்.

கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரி. இருவரும் வாலிபால் கோட்டாவில் பி.ஏ. சேர்ந்தவர்கள். எனக்கு ஊர் காரமடை. தினமும் வந்துபோகிற தூரம்தான் என்றாலும் காலை ஐந்தரைக்கே பயிற்சி என்பதால் விடுதியில் விட்டிருந்தார்கள். அவளுக்குப் பொள்ளாச்சிப் பக்கம். அவளுடைய அம்மா தென்னைநார்க் களத்தில் வேலை செய்தார். கல்லூரி விழாக்களுக்கு எல்லார் வீட்டிலிருந்தும் ஆள் வரும். அவள் வீட்டிலிருந்து வராது. "நாந்தான் வரவேண்டாமுன்னு சொல்லிப்போட்டேன்" என்பாள், நாங்கள் கேட்பதற்கு முன்பே.

நான் நல்ல உயரம். அவள் என் தோளுக்குக்கூட வரமாட்டாள். அதனால் அவள் லிபரோ. மற்ற ஐந்து பேரும் ஒரு நிறத்தில் சட்டை போட்டிருக்க, வேறு நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் மட்டும் ஆடுகிறவளுக்கு அந்தப் பெயர். வலையோரம் போய் எம்பி அடிக்க அவளுக்கு அனுமதி கிடையாது. எதிரணி அடிக்கிற பந்தைத் தரை தொடவிடாமல் எடுத்துக் கொடுப்பதோடு சரி. பார்க்க வந்தவர்கள் கைதட்டுவது அடித்தவளுக்குத்தான்.

ஆனால் மைதானத்துக்குள் அவள் வேறு ஆள். எதிரில் இருப்பவள் கையை ஓங்கும்போதே "நானு, நானு" என்று கத்திக்கொண்டு பாய்வாள். இரண்டு பேருக்கு நடுவில் வருகிற பந்து, மூன்றாமவளுக்குப் போகவேண்டிய பந்து, கோட்டுக்கு வெளியே விழட்டும் என்று விட்டுவிடவேண்டிய பந்து, எல்லாம் அவளுக்கு வேண்டும். முழங்கையிலும் இடுப்பெலும்பிலும் ஒரு சிராய்ப்பு ஆறுவதற்குள் அடுத்தது உரிந்திருக்கும். அந்த ஒரு பந்தைத் தவிர வேறு எதையும் அவள் தனக்கென்று கேட்டு நான் பார்த்ததில்லை.

முதல் வருடம் ஒரு கடைக்காரர் அணிக்கு ஷூ வாங்கிக் கொடுத்தார். பன்னிரண்டு பேருக்கும் அளவெடுத்து எழுதியிருந்தார்கள். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது அவளுக்கு மட்டும் இல்லை. அளவு எழுதிய அன்று அவள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் தேடிப்போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். உடற்கல்வி மேடம் பட்டியலைப் புரட்டிவிட்டு, "ஏன் கண்ணு, உன்ற பேரக் காணோமே" என்றார். இவள் சட்டென்று, "எனக்குப் பழசுதான் சவுரியமுங்க மேடம். நாந்தான் வேண்டாமுன்னேன்" என்றாள். மேடத்துக்கு நிம்மதியாகிவிட்டது. பட்டியலை மடித்துவிட்டார். அந்த வருடம் முழுக்க அவள் அடிப்பாகம் பிளந்த ஷூவைப் பசை போட்டு ஒட்டி, ராத்திரி முழுக்கக் கட்டில் காலுக்கு அடியில் வைத்து அழுத்தி எடுத்துத்தான் ஆடினாள்.

பல்கலைக்கழக அணித் தேர்விலும் இதே கதை. பட்டியல் வாசித்தபோது எங்கள் கல்லூரியிலிருந்து மூன்று பெயர் வந்தது. அவள் பெயர் வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் நான் அவளுக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "எங்க மாமன் மகளுக்குச் சீர் வருது புள்ள. கேம்ப்புக்கெல்லாம் போகமுடியாதுன்னு நானே முன்னாடியே சொல்லிப்போட்டேன்" என்றாள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. மாமன் மகளுடைய சீருக்காகப் பல்கலைக்கழக அணியை விடுகிற ஆள் உலகத்தில் உண்டா என்று திட்டினேன். சிரித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த மாதம் அவள் ஊருக்கே போகவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்களைச் சேர்த்து உருவாக்கிய கோச்சர் முதல் வருட முடிவில் போய்விட்டார். விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த முட்டையையும் பாலையும் நிர்வாகம் நிறுத்தியது; அவர் சண்டை போட்டார்; ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிற இன்னொரு கல்லூரி அவரை உடனே எடுத்துக்கொண்டது. போகும்போது அவர் தனியாகப் போகவில்லை. கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் காலை ஆபீஸ் ஜன்னலில் டி.சி. வாங்க எங்கள் அணிப் பெண்கள் ஐந்து பேர் வரிசையாக நின்றார்கள். உள்ளே இருந்த சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன அம்மணி, ஊரே காலி பண்ணுதாட்ட இருக்குது" என்றார்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கும் வெட்கமில்லை. முதல் வருடம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை எந்த கோச்சர் கூப்பிடுவார்? ஆனால் இவள் எல்லா ஆட்டத்திலும் ஆடியவள். அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"உன்னையக் கூப்பிடலையா?"

"கூப்ட்டாரு. நாந்தான் வரலைன்னு சொல்லிப்போட்டேன்."

"ஏன் புள்ள?"

"சேத்துவிட்ட காலேஜ விட்டுப்போட்டு எப்படிப் போறது."

மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். அந்தக் கல்லூரியில் நல்ல சாப்பாடு, கூரை போட்ட மைதானம், பீஸ் கிடையாது, பயிற்சி கொடுக்கத் தெரிந்த மனிதர். இவ்வளவையும் காலால் உதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம். அந்த இடம் எனக்குக் கிடைத்திருந்தால் நான் நடந்தே போயிருப்பேன். ஜூன் மாதம் கல்லூரி திறந்து பத்து நாள் வரைக்கும் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. பேசினாலும் குத்தலாகத்தான் பேசினேன். ஒரு நாள் சாயங்காலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டு இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தாள். எங்கே போனாயென்று நான் கேட்கவில்லை.

அவள் சொன்னதை நான்தான் விடுதி முழுக்கப் பரப்பினேன். குறையாகத்தான் சொன்னேன். ஆனால் அது மேடம் காதுக்குப் போய், அங்கிருந்து முதல்வர் காதுக்குப் போனபோது பெருமையாக மாறிவிட்டது. ஐந்து பேர் ஓடிப்போனதில் கல்லூரிக்கு மானம் போயிருந்தது. அதற்கு ஈடாகச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தாள். ஜூலையில் நடந்த விளையாட்டு விழாவில் அவளை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். "வசதியைப் பார்த்து மாறாத பொண்ணு. எல்லாரும் இவளைப் பார்த்துக் கத்துக்கோணும்" என்று முதல்வர் மைக்கில் சொன்னார். கீழே நாங்கள் கைதட்டினோம். அவள் மேடையில் நின்றுகொண்டு தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கம் என்று நினைத்தேன். சாயங்காலம் அந்தப் பொன்னாடையை மெஸ்ஸில் சமைக்கிற அக்காவிடம் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு யார் கல்லூரிக்கு வந்தாலும் அவளைக் கூப்பிட்டு அறிமுகப்படுத்துவார்கள். புதிதாக வந்த கோச்சரிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் இரண்டு மாதம் இருந்தார். விழுந்து எடுக்கும்போது உருளக்கூடாது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் உருண்டுதான் எடுக்கவேண்டும் என்றார். அவரும் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மூன்றாவதாக வந்த அம்மாவுக்குக் கபடிதான் தெரியும். ஒவ்வொருவரும் வரும்போது எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கேட்பார்கள். நாங்கள் பெயர் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனோம். ஆள் இல்லாத குறைக்கு என்னைக் கேப்டனாக்கியிருந்தார்கள்.

இரண்டாம் வருடம் மண்டலப் போட்டியில் முதல் ஆட்டமே எங்கள் பழைய கோச்சரின் புதிய அணியோடு விழுந்தது. வலைக்கு அந்தப் பக்கம் எங்களோடு தட்டு கழுவிய ஐந்து பேரும் புதுச் சட்டையில் நின்றார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் வந்து இவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் இவள் மேலேயே அடித்தார்கள். எவ்வளவு எடுத்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஓரத்தில் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருந்தவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். அவள் எடுத்துக் கொடுத்த பந்துகளில் பாதியை நான் வலையில் அடித்தேன், மீதியைக் கோட்டுக்கு வெளியே. ஒவ்வொரு தடவையும் எழுந்து, முழங்காலில் மண்ணைத் தட்டிவிட்டு, "பரவால்ல புள்ள, அடுத்தது" என்பாள். ஒரு தடவையாவது முறைத்திருக்கலாம்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. காரமடையில் மாசித் தேர், ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். பவானிப் பக்கம் ஒரு கல்லூரியின் கோச்சர் பேசினார். புதிதாகப் பொறுப்பெடுத்திருப்பதாகவும், மண்டலப் போட்டியில் எங்கள் ஆட்டத்தைப் பார்த்ததாகவும், விண்ணப்பத்தில் கேப்டனின் எண்ணைப் பார்த்துக் கூப்பிடுவதாகவும் சொன்னார். அவருக்கு எங்கள் லிபரோ வேண்டுமாம். ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடம், டி.சி. வாங்கிக்கொண்டு வந்தால் மூன்றாம் வருடத்தில் சேர்த்துக்கொள்வார்கள், அப்படியே எம்.ஏ.வும் படிக்கலாம், விடுதிக்கும் படிப்புக்கும் கட்டணமில்லை என்றார்.

"அவ எடுக்கற பந்தையெல்லாம் நீங்க வீணாக்கறீங்க, அம்மணி. எங்க டீமுக்கு அவ ஒருத்தி வந்தாப் போதும்."

முதல் வாக்கியம் என்னைச் சுட்டது. இரண்டாவதை நான் சரியாக வாங்கிக்கொள்ளவே இல்லை.

"அவ வரமாட்டாங்க சார். போன வருஷம் எங்க கோச்சர் கூப்பிட்டே வேண்டாம்னு சொன்ன பொண்ணுங்க."

அவர் அவளைப் பற்றி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். அப்புறம், "செரி கண்ணு, எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்லு" என்றார்.

நான் கேட்கவில்லை. கேட்டால் எப்படியும் நாந்தான் வேண்டாமுன்னு சொல்லிப்போட்டேன் என்பாள். அதற்கு இன்னொரு பொன்னாடை போர்த்துவார்கள். அதை நான் கீழே உட்கார்ந்து பார்க்கவேண்டும். இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் போய்விட்டால் என் அணியில் பந்தெடுக்க ஆளில்லை என்பதும் உள்ளே இருந்தது. அதை அன்றைக்கு ஒரு எண்ணமாகக்கூட நான் ஒப்புக்கொள்ளவில்லை. தேர் முடிந்து விடுதிக்குத் திரும்பிய அன்று அவள் என் படுக்கையையும் சேர்த்து உதறிப் போட்டிருந்தாள். போனைப் பற்றி வாயைத் திறக்காமல் படுத்துவிட்டேன். பவானிக்காரர் மறுபடி கூப்பிடவில்லை.

மூன்றாம் வருடம் எங்கள் கல்லூரி மண்டலப் போட்டிக்கு அணியே அனுப்பவில்லை. கோச்சர் இல்லை, ஆட்களும் ஏழு பேர்தான் என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சி இல்லாத காலை ஐந்தரைக்கும் அவள் எழுந்துவிடுவாள். போய்ச் சுவரில் பந்தை அடித்து அடித்து எடுத்துக்கொண்டிருப்பாள். படிப்பு முடிந்து பிரிந்தோம். மாறிப்போன ஐந்து பேரில் ஒருத்தி போலீஸில் இருக்கிறாள், இன்னொருத்தி ரயில்வேயில். இருவரும் ஆட்டச் சான்றிதழை வைத்து வாங்கிய வேலைகள். நான் மேற்கொண்டு படித்து ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனேன். அவளுக்குக் காட்ட ஒரு மண்டலச் சான்றிதழைத் தவிர வேறு இல்லை. அம்மா வேலை செய்த அதே தென்னைநார்க் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். நான் போனில் எத்தனையோ வேலை சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் அவளே வேண்டாமென்று சொல்லியிருந்தாள்.

போன வருடம் பள்ளிகளுக்கான போட்டி ஒன்றில் எங்கள் பழைய கோச்சரைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்திருந்தது. என் பள்ளிப் பிள்ளைகள் ஆடி முடித்ததும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பேச்சு பழைய அணிக்குப் போனது. எனக்கு ஆறவில்லை. நீங்கள் அவ்வளவு கூப்பிட்டும் வராமல் அவள் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டாள் சார் என்று சொன்னேன்.

"எந்தப் பொண்ணு? நம்ம லிபரோவா? அவளை நான் கூப்பிடவே இல்லையே, கண்ணு."

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. அந்தக் கல்லூரி ஐந்து பேருக்குத்தான் இடம் கொடுத்ததாம். உயரம் பார்த்து எடுக்கச் சொன்னார்களாம். அவளையும் எடுக்க அவருக்கு ஆசைதான், எங்கே எடுப்பது என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். அந்த ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் இவள் அந்த மைதானத்து ஓரத்தில் வந்து நின்றாளாம். தோளில் பை. சிநேகிதிகளைப் பார்க்க வந்திருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"சாப்ட்டியா கண்ணுன்னு கேட்டேன். ஆச்சுங்க சார்ன்னா. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேங்கன்னா. கொஞ்ச நேரம் நின்னு பார்த்துப்போட்டுப் போயிட்டா."

அதற்கு மேல் அவர் பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. ஷூ, பல்கலைக்கழக அணி, சீர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்து நின்றன. எதையும் அவள் வேண்டாமென்று சொல்லியிருக்கவில்லை. எதுவும் அவளிடம் வரவே இல்லை. ஒரே ஒரு தடவை, நிஜமாகவே அவளைத் தேடி வந்த ஒன்றை, வேண்டாமென்று சொன்னது நான். அவள் சொல்வது போலவே, அவளுக்காக, அவளைக் கேட்காமல்.

இப்படி வாயை மூடிக்கொண்டு ஒரு மனுஷி இருக்கலாமா? என்னிடமாவது, ஒரே அறையில் படுத்துக்கிடந்த என்னிடமாவது, கூப்பிடவில்லை புள்ள என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் அந்தப் பஸ்ஸில் பவானிக்காரருக்கு நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். ஒரு வாரம் அவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன்.

களம் முழுக்கத் தென்னைநார்த் தூள் காயப்போட்டிருந்தது. பெண்கள் பலகையால் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஈரம் பார்க்கிற கருவியைத் தூளுக்குள் குத்திக் குத்திப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கொட்டகைக்குள் உட்காரவைத்து, தன் மகளுடைய பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் தன் டிபன் பாக்ஸைத் திறந்து மூடியில் எனக்குப் பாதி வைத்தாள்.

கோச்சரைப் பார்த்ததை நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன். பவானி போனை மட்டும் சொன்னேன். பஸ்ஸில் வந்தது, நான் சொன்ன பதில், அவர் கேட்டுச் சொல்லச் சொன்னது, நான் கேட்காமல் விட்டது. அவள் போய்விடுவாளோ என்ற பயமும் இருந்தது என்பதையும் சொன்னேன்.

சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். நீ கேட்டிருந்தாலும் நான் வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பேன் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்ன, அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். பொய் என்று தெரிந்தாலும் அதை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்திருப்பேன்.

அவள் அதைச் சொல்லவில்லை. திட்டவுமில்லை. சோற்றில் இருந்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

"என்ன சொன்னாரு?"

"எங்க டீமுக்கு அவ ஒருத்தி வந்தாப் போதும்னாரு."

"அப்படியேவா சொன்னாரு?"

"அப்படியேதான்."

வெளியே டிராக்டர் ஒன்று பின்னால் வந்து நின்றது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று கையைக் காட்டினாளே தவிர எழுந்திருக்கவில்லை.

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன்.

"அதுக்கு முன்னால என்ன சொன்னாரு?"

அவள் எடுக்கிற பந்தையெல்லாம் நான் வீணாக்குவதாகச் சொன்னார் என்றேன். அதற்கு லேசாகச் சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. துண்டின் நுனியால் துடைத்துக்கொண்டு, "அப்பறம்?" என்றாள்.

அப்புறம் ஒன்றுமில்லை. வேறு ஏதோ சொன்னார். அவளைப் பற்றித்தான் சொன்னார். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, கோபத்தோடு நின்றிருந்த எனக்கு அது காதில் ஏறவில்லை. ஞாபகமில்லை என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு டிராக்டரைப் பார்க்கப் போனாள்.

திரும்பி வரும்போது உக்கடம் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு அந்த மனிதர் பேசியதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அவர் குரல்கூட வரவில்லை.